நத்தையின் மூடியைத் திறந்த நாள்

என் மகளுக்கு அப்போது ஐந்து வயது. அவள் வளர்த்தது ஒரு குளத்து நத்தை. அது செத்துவிட்டதா, சும்மா கிடக்கிறதா என்று கண்டுபிடிக்க நான் மூன்று கிழமை பட்ட பாட்டைக் கேட்டால், இவளுக்கு வேறு வேலை இல்லையா என்று தோன்றும். வேலை இருந்தது. மடியில் மூன்று மாதக் கைக்குழந்தை, காய்ச்சலில் இளைத்துப்போன இந்த மூத்தவள், வயலுக்குப் போகும் கணவருக்குக் காலையும் மத்தியானமும் சாப்பாடு, அடிமண் தெரியத் தொடங்கிய கிணறு. இவ்வளவுக்கும் நடுவில்தான் அந்த நத்தையும் இருந்தது.

நாங்கள் குடாநாட்டிலிருந்து வன்னிக்கு வந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. குடியேற்றத் திட்டத்தில் கணவருக்குக் குளத்துக்குக் கீழே வயல் கிடைத்தது. நான் பிறந்த ஊரில் தண்ணீர் என்றால் கிணறு. குளம் என்றால் கோயிலுக்கு முன்னால் படி வைத்துக் கட்டியது. கால் கழுவ மட்டும் இறங்குவோம். வருடத்தில் பாதி கடல் மாதிரியும் மீதி நாள் வெடித்த வெளியாகவும் கிடக்கும் குளத்தை இங்கேதான் முதலில் கண்டேன். அதற்குள் என்ன வாழ்கிறது, எப்படி வாழ்கிறது என்று எனக்கு ஒன்றும் தெரியாது. தெரியாது என்று சொல்லவும் எனக்குப் பழக்கமில்லை. எஸ்.எஸ்.ஸி. வரை படித்தவள் என்று எங்கள் வாய்க்கால் கரையில் உள்ளவர்கள் கடிதம் வாசிக்கவும் எழுதவும் என்னிடம்தான் வருவார்கள். மருந்துப் போத்தலில் ஒட்டியிருப்பதை வாசித்து, எத்தனை கரண்டி என்று சொல்வதும் நான்தான். எல்லாம் தெரிந்தவள் என்று அவர்கள் நினைத்தார்கள். நானும் கொஞ்சம் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

சிறுபோக நெல் விதைத்த நேரம் மகளுக்குக் குளிர்காய்ச்சல் வந்தது. காய்ச்சல் விட்ட பிறகும் அவள் சாப்பிடவில்லை. கசப்புக் குளிசையில் நாக்குச் செத்துப்போய், சோற்றைக் கண்டாலே முகத்தைத் திருப்பினாள். அப்போதுதான் அவளுடைய அப்பா வாய்க்காலில் இருந்து அந்த நத்தையைக் கொண்டுவந்தார். பெரிய எலுமிச்சம்பழம் அளவு. அகலமான மண்சட்டியில் தண்ணீர் விட்டு, குசினி வாசலில் வைத்தோம். முதல் நாள் அசையவில்லை. இரண்டாம் நாள், ஓட்டு வாயை அடைத்திருந்த மூடியைத் தள்ளிக்கொண்டு மெல்ல வெளியே வந்தது. இரண்டு மெல்லிய கொம்புகள். மூக்கு மாதிரி ஒரு குழாயைத் தண்ணீருக்கு மேலே நீட்டி மூச்சு விட்டது. மகள் கட்டிலை விட்டு இறங்கி வந்து சட்டிக்குப் பக்கத்தில் குந்தினாள்.

நத்தையை அவள் 'அவர்' என்றுதான் சொல்வாள். "அவருக்குப் பசிக்குது அம்மா" என்பாள். நான் பொன்னாங்காணி இலை கிள்ளிப் போட்டேன். அது இலையின் ஓரத்தைக் கரும்பத் தொடங்கியதும், "அவருக்கு ஒரு வாய், எனக்கு ஒரு வாய்" என்றாள். அன்றைக்கு அரைக் கோப்பைச் சோறு சாப்பிட்டாள். அதற்குப் பிறகு மூன்று வேளையும் சட்டிக்குப் பக்கத்தில்தான் சாப்பாடு. கன்னத்தில் கொஞ்சம் சதை வைத்தது. நான் அந்த நத்தைக்கு மனதுக்குள் எவ்வளவு நன்றி சொன்னேன் என்று யாருக்கும் தெரியாது.

ஆடி மாதம் சோளகக் காற்று ஊதத் தொடங்கியது. வயல் காய்ந்தது. குளத்தில் தண்ணீர், வயலுக்குத் திறந்துவிடும் துருசுக்குப் பக்கத்தில் ஒரு குட்டையாக ஒடுங்கியது. அந்த நாட்களில் மருத்துவிச்சி கைக்குழந்தையைப் பார்க்க வந்தாள். குழந்தையை நிறுத்துவிட்டுப் போகும்போது சட்டியைக் கண்டாள்.

"இது என்ன பிள்ளை, தண்ணியைத் தேக்கி வைச்சிருக்கிறீர்? நுளம்பு முட்டையிடுமெல்லோ. ஏற்கெனவே காய்ச்சல் வந்த வீடு."

அவள் அதைச் சும்மா சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். அவள் படலையைத் தாண்டும் முன்பே சட்டித் தண்ணீரை வாழைக்கு ஊற்றிவிட்டேன். பெரியவர்கள், படித்தவர்கள், உத்தியோகக்காரர் ஒன்று சொன்னால் உடனே செய்கிறவள் நான். செய்துவிட்டுப் பிறகுதான் யோசிப்பேன்.

"அவருக்குத் தாகம் வந்தால்?" என்று மகள் கேட்டாள்.

"காலையும் பின்னேரமும் தெளிச்சுவிடுவம் பிள்ளை."

தெளித்தேன். அதுவும் கொதித்தாறின தண்ணீர். வீட்டில் குடிக்கிற எவருக்கும் கொதித்தாறின தண்ணீர்தான் என்று மருத்துவிச்சி சொல்லியிருந்தாள். நத்தையையும் அந்தக் கணக்கில் சேர்த்துவிட்டேன். இரண்டாம் நாள் அது உள்ளே இழுத்துக்கொண்டு மூடியைச் சாத்தியது. பிறகு திறக்கவில்லை.

முதல் கிழமை நான் பெரிதாக எடுக்கவில்லை. "நித்திரை கொள்ளுறார்" என்றேன். மகள் குரலைத் தாழ்த்திக் கதைத்தாள். அப்பா வாளியைத் தடாலென்று வைத்தால், "மெல்ல வையுங்கோ, அவர் நித்திரை" என்று கண்டித்தாள். சாப்பாடு மட்டும் நடந்தது. "அவர் எழும்பினவுடனை நான் எல்லாம் சாப்பிட்டனான் எண்டு சொல்லோணும்" என்று கடைசிப் பருக்கை வரை வழித்தாள்.

இரண்டாம் கிழமை எனக்குச் சந்தேகம் பிடித்தது. பள்ளிக்கூடத்தில் உயிருள்ளவற்றின் இயல்புகள் என்று மனப்பாடம் செய்திருந்தோம். அசையும், உண்ணும், மூச்சு விடும், வளரும். சட்டியில் கிடந்தது இதில் ஒன்றையும் செய்யவில்லை. அப்படிப் பார்த்தால் அது செத்துத்தான் போயிருக்க வேண்டும். ஆனால் மணம் இல்லையே. செத்திருந்தால் இந்த வெயிலுக்கு ஒரு நாளில் மணக்குமே. மூக்குக்குக் கிட்டப் பிடித்து மணந்தேன். சேற்று மணம்தான். அது உயிருள்ள நத்தையின் மணமா, செத்ததின் மணமா என்று தெரிய, இரண்டையும் முன்பு மணந்திருக்க வேண்டுமே. காதில் வைத்துக் கேட்டேன். விரலால் தட்டினேன். ஒரு கையில் நத்தையும் மறு கையில் அதே அளவு கல்லும் வைத்து நிறுத்துப் பார்த்தேன். காலையில் பாரமாக இருந்தது, உயிர் இருக்கிறது என்று முடிவு செய்தேன். பின்னேரம் தூக்கினால் பாரமில்லாத மாதிரி இருந்தது. செத்துப்போச்சு என்று முடிவு செய்தேன்.

கணவர் வயல் வரம்பு திருத்திவிட்டு வந்து, நான் ஓட்டைக் காதில் வைத்துக்கொண்டு நிற்பதைக் கண்டார்.

"என்ன, தந்தி வந்திருக்கோ?"

"பகிடி விடாதையுங்கோ. இது செத்துப்போச்சோ தெரியேல்லை."

"நத்தைக்கும் டொக்குத்தரைக் கூப்பிடப்போறீரோ? அது கிடக்கும். கிடக்க விடும்."

அந்த நாட்களில் எனக்கு யாரும் சொன்னதில் அதுதான் சரியான சொல். ஆனால் அவர் எல்லாவற்றுக்கும் 'கிடக்க விடும்' என்றுதான் சொல்வார். வேலிக்கும் அதுதான், கூரைக்கும் அதுதான். ஆகவே நான் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

ஒரு நாள் சட்டியில் தண்ணீர் விட்டும் பார்த்தேன். காலையில் விட்டேன், பொழுது சாயும்வரை பொறுத்தேன். திறக்கவில்லை. இருட்டினால் நுளம்பு வரும் என்று தண்ணீரை வெளியே ஊற்றிவிட்டேன். ஒரு பகல் போதுமென்று எனக்கு யார் சொன்னது? இன்னொரு நாள் விட்டிருக்கலாம். வாய்க்காலில் இருந்து வந்த முதல் நாளும் அது திறக்கவில்லையே, அடுத்த நாள்தானே திறந்தது. இதெல்லாம் பிறகு வந்த யோசனை.

தயிர் கொண்டுவரும் பெண் ஒருத்தி இருந்தாள். குளத்துக்கு மறு கரையில் இருந்த பழைய ஊர்க்காரி. என் வயதுதான் இருக்கும், நான்கு பிள்ளைகள், எருமை வளர்க்கிறார்கள். உடையார்கட்டில் கட்டிக்கொடுத்த தங்கச்சிக்குக் கடிதம் எழுதுவிக்க என்னிடம் வருவாள். அந்தக் கிழமையும் வந்து குசினி வாசலில் இருந்தாள். அவளுடைய கால்மாட்டில்தான் சட்டி. குளத்துக்குள்ளேயே வளர்ந்தவள். 'இது செத்துப்போச்சோ, உயிரோடை இருக்கோ' என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் முடிந்திருக்கும். நான் அவள் சொல்லச் சொல்லக் கடிதத்தை எழுதினேன். எழுத்துத் தெரியாத ஒருத்தி எனக்கு முன்னால் பணிவாகக் குந்தியிருக்கும் நேரத்தில், நத்தையைப் பற்றி அவளிடம் கேட்க எனக்கு வாய் வரவில்லை. சட்டியின் மேல் சுளகை எடுத்து மூடிவைத்தேன். அவள் கண்டு ஏதும் கேட்டுவிடுவாளோ என்ற பயம்.

மூன்றாம் கிழமை மகள் நாள் முழுவதும் கேட்கத் தொடங்கினாள். "அவர் எப்ப எழும்புவார்? நாளைக்கோ? நாளையிண்டைக்கோ?" ஒவ்வொரு தடவையும் 'நாளைக்கு' என்று சொல்ல எனக்கு நெஞ்சு இடித்தது. செத்த ஒன்றைக் காட்டிப் பிள்ளையை ஏமாற்றுகிறேனோ? வீட்டில் பச்சைக் குழந்தை இருக்க, அழுகுகிற ஒன்றைக் குசினி வாசலில் வைத்திருக்கிறேனோ? ஆம் அல்லது இல்லை என்று ஏதாவது ஒன்று தெரிந்தால் போதும் என்று ஆகிவிட்டது.

ஒரு மத்தியானம் இரண்டு பிள்ளைகளும் நித்திரை. கணவர் வயலில். நான் பென்சில் சீவுகிற சின்னக் கத்தியை எடுத்தேன். மூடியின் ஓரத்தில் நுனியை வைத்து, மெல்ல நெம்பிப் பார்க்கத்தான் நினைத்தேன். ஒரு மயிரிடை தெரிந்தால் போதும். அது இறுகப் பிடித்திருந்தது. அந்த இறுக்கமே பதில் என்பது அப்போது எனக்கு விளங்கவில்லை. காய்ந்து ஒட்டியிருக்கிறது என்று நினைத்தேன். இன்னும் கொஞ்சம் நெம்பினேன். மூடி கிழிந்துகொண்டு கையோடு வந்தது.

உள்ளே ஈரமாக இருந்தது. சாம்பல் நிறச் சதை நடுங்கி, என் கண்ணுக்கு முன்னால் ஆழத்துக்கு இழுத்துக்கொண்டது. பிறகு நுரை வந்தது.

அது உயிரோடு இருக்கிறது என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

நான் செய்ததை இன்றைக்கு நினைத்தாலும் வெட்கம். அந்த மூடியை எடுத்து, பானையை மூடுகிற மாதிரி அதே இடத்தில் வைத்து, சுற்றிவர ஈரமண் அப்பினேன். சட்டியில் பழைய மாதிரி வைத்தேன். கைகளைக் கழுவினேன். மகள் எழுந்து வந்து பார்த்துவிட்டு, "இன்னும் நித்திரை" என்றாள். "ஓம்" என்றேன்.

மூன்றாம் நாள் விடியற்புறம் சட்டியைச் சுற்றி எறும்பு. மணமும் வந்திருந்தது. இப்போது சந்தேகமில்லை. மகள் எழும்ப முன் அதை எடுத்து வாழைக்குக் கீழே புதைத்தேன். முகத்தைச் சீலைத்தலைப்பால் பொத்திக்கொண்டு கொஞ்ச நேரம் அங்கேயே நின்றேன். அழுதது நத்தைக்காக என்று சொல்ல முடியாது. எழும்பி வந்து வெறும் சட்டியைக் கண்டால் அவள் என்ன கேட்பாள், நான் என்ன சொல்வேன், அவள் திரும்பவும் கோப்பையைத் தள்ளிவைப்பாளோ என்ற பயம்.

குளத்தில் குளித்துவிட்டு வருகிறேன் என்று கணவரிடம் பிள்ளைகளை விட்டுவிட்டுப் போனேன். குளம் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. நாரைகள் நின்று நத்தை ஓடுகளை உடைத்துக்கொண்டிருந்தன. அவை நின்ற இடத்துக்குப் பக்கத்தில் ஒரு மண்பாளத்தைக் கிளப்பினேன். அதன் அடியில், அரை அடி ஆழத்தில், நத்தைகள். ஒன்றா இரண்டா? அடுக்கி வைத்த மாதிரி ஏழெட்டு. எல்லாம் மூடியைச் சாத்திக்கொண்டு கிடந்தன. ஒவ்வொன்றும் என் நத்தை மாதிரியே இருந்தது.

"என்னக்கா, கறி வைக்கவோ?"

தயிர்க்காரி துவைத்த உடுப்பை இடுப்பில் இடுக்கிக்கொண்டு பின்னால் நின்றாள். நாங்கள் சைவம் என்று அவளுக்குத் தெரியும். சிரித்துக்கொண்டே கேட்டாள்.

"பிள்ளை விளையாடக் கேட்டவள்" என்றேன். பிறகு, கேட்கத் தேவையில்லாத நேரத்தில், கேட்டேன். "இதுகள் செத்ததோ?"

"ஐயோ அக்கா, செத்ததோ. படுத்திருக்குதுகள். ஐப்பசி மழை விழ எல்லாம் எழும்பி வரும்."

"எப்பிடித் தெரியும்?"

"எப்பிடியோ? மூடி இருக்கெல்லோ. செத்தால் அது தானா விழுந்திடும். இழுத்துப் பிடிச்சுக்கொண்டிருந்தால் உயிர் இருக்கு." அவள் குனிந்து ஒன்றைப் பொறுக்கி என் கையில் வைத்தாள். "வீட்டிலை வைக்கிறதெண்டால் தண்ணிக்குடத்துக்குக் கீழை இருக்கிற ஈரமணலுக்குள்ளை தாட்டுவிடுங்கோ. அதுபாட்டிலை கிடக்கும். இதுகூடத் தெரியாமல் என்ன படிச்சனீங்கள்?"

கடைசிச் சொல்லைப் பகிடிக்குத்தான் சொன்னாள். அவளோடு சேர்ந்து நானும் சிரித்தேன்.

வீட்டுக்கு வந்து, அவள் தந்த நத்தையின் ஓட்டைத் தேங்காய்ப் பொச்சால் தேய்த்துக் கழுவி, பழையதைப் போலச் சட்டியில் வைத்தேன். மகள் எழுந்து வந்து குந்தினாள். கையில் எடுத்து ஒரு சுற்றுத் திருப்பினாள். என் முகத்தைப் பார்த்தாள். வைத்தாள்.

"என்ன பிள்ளை?"

"ஒண்டுமில்லை அம்மா."

அன்றைக்குக் காலை இடியப்பம். ஒன்றும் சொல்லாமல் முழுவதையும் சாப்பிட்டாள். எனக்கு மனம் ஆறியது. தப்பிவிட்டேன் என்றுகூட நினைத்தேன். நத்தையை ஈரமணலுக்குள் தாட்டேன். அது பத்திரமாக இருந்தது. 'அவர் எப்ப எழும்புவார்' என்று மகள் அதற்குப் பிறகு ஒரு நாளும் கேட்கவில்லை. பொறுமை வந்துவிட்டது, வளர்கிறாள் என்று அதையும் நான் நல்லதாகவே எடுத்துக்கொண்டேன்.

ஐப்பசியில் மழை பிடித்தது. இரண்டாம் நாள் மணலைத் தோண்டி நத்தையை எடுத்துச் சட்டியில் தண்ணீர் விட்டு வைத்தேன். அடுத்த நாள் மூடி திறந்து கொம்பு நீட்டியது. நான் குசினியில் இருந்து ஓடிப்போய் மகளைக் கூட்டிவந்தேன். "வந்து பார் குஞ்சு, அவர் எழும்பிட்டார்."

வந்து பார்த்தாள். வீட்டுக்கு வந்த விருந்தாளியைப் பார்க்கிற மாதிரிப் பார்த்தாள்.

"அம்மா, இவரைக் குளத்திலை விடுவமோ?"

"ஏன் பிள்ளை? உனக்கு வேண்டாமோ?"

"இவரின்ரை ஆக்கள் அங்கை இருப்பினம்."

பிறகு அவளே சொன்னாள். "அவருக்கு ஓட்டு நுனி உடைஞ்சு கிடந்தது. இவருக்கு முழுசா இருக்கு."

கிழமைக்கணக்காக அந்த ஓட்டை நான் தட்டினேன், மணந்தேன், நிறுத்தேன், காதில் வைத்தேன். நுனி உடைந்திருந்ததை நான் காணவே இல்லை. உயிர் இருக்கிறதா என்று மட்டுமே பார்த்திருக்கிறேன்.

"எப்ப கண்டனி?"

"அண்டைக்கே."

"ஏன் அம்மாவுக்குச் சொல்லேல்லை?"

"உங்கடை கண் சிவந்து கிடந்தது. சொன்னால் திரும்பவும் அழுவியள்."

அந்த இரண்டு மாதமும் ஐந்து வயதுப் பிள்ளை எனக்காக ஒன்றைத் தனியே சுமந்துகொண்டு, கோப்பையில் வைத்ததை எல்லாம் சாப்பிட்டுக்கொண்டிருந்திருக்கிறாள். அவளைக் காப்பாற்றுகிறேன் என்று நான் இருந்தேன்.

பின்னேரம் கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு அவளோடு குளத்துக்குப் போனேன். மழை விட்டிருந்தது. கரையோரத் தண்ணீரில் பாவாடையைத் தூக்கிப் பிடித்தபடி இறங்கி, நத்தையை இரண்டு கையாலும் கீழே வைத்தாள். அது திறக்கும்வரை நிற்கவில்லை. திரும்பி என்னைப் பார்த்தாள்.

"மற்றவர் செத்துப்போனவரோ?"

"ஓம் பிள்ளை."

"தானாச் செத்தவரோ?"

யோசிக்க எனக்கு நேரம் இருந்தது. அவள் அவசரப்படவில்லை. கத்தியைப் பற்றி ஒரு வசனம் சொன்னால் போதும். 'அம்மாவுக்குத் தெரியேல்லை, திறந்து பார்த்திட்டன்' என்று சொன்னால் அவள் அழுதிருப்பாள், ஒரு நாள் சாப்பிடாமல் இருந்திருப்பாள், அவ்வளவுதான். அவளுக்கு அதைத் தாங்கும் பலம் இருக்கிறது என்று அரை நாளுக்கு முன்புதான் எனக்குத் தெரிந்திருந்தது.

"ஓம். தானாத்தான்" என்றேன்.

"சரி அம்மா" என்று சொல்லிவிட்டுக் கரையேறினாள்.

இப்போது அவளுக்கு ஒன்பது வயது. நன்றாகப் படிக்கிறாள், நன்றாகச் சாப்பிடுகிறாள். என்னிடம் எதையும் ஒரு தடவைதான் கேட்பாள். போன மாதம், என் தங்கச்சி, அவளுக்குச் சின்னம்மா, ஏன் எங்கள் வீட்டுக்கு வருவதில்லை என்று கேட்டாள். பெரியவர்களின் சண்டையைப் பிள்ளைக்கு எப்படிச் சொல்வது. அவவுக்குச் சுகமில்லை என்றேன். "சரி அம்மா" என்று கணக்குக் கொப்பிக்குத் திரும்பிவிட்டாள். அவள் நான் சொன்னதை நம்பினாளா, அல்லது என் முகத்தைப் பார்த்துவிட்டு விட்டுவிட்டாளா என்று எனக்குத் தெரியவில்லை. எழுதிக்கொண்டிருந்த கையைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றேன். கூட்டலில் ஒரு பிழையும் வரவில்லை.

அந்த நத்தையைப் பற்றி அவள் இன்னொரு தரம் கேட்டால் உண்மையைச் சொல்லிவிடுவது என்று நான்கு வருடமாக இருக்கிறேன். சில நாள், ஆறிப்போனதை ஏன் கிளறவேண்டும் என்று தோன்றும். சில நாள், அவளுக்கு அதுவும் அன்றைக்கே தெரியுமோ என்று தோன்றும். அவள் கேட்கவில்லை. கேட்காமலும் சொல்லலாம் என்பது எனக்குத் தெரியும்.